கர்ப்பகால இரத்த அழுத்தம்: பிள்ளை பிறந்த பிறகும் பிங்க் புத்தகத்தைக் கையில் வைத்திருங்கள்

பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் ஒரு பெண் ஏழாம் மாதப் பரிசோதனைக்கு வருகிறாள். இரத்த அழுத்தம் 142/94. தாதி சற்று நேரம் உட்கார வைத்து மறுபடி எடுக்கிறார். அப்போதும் 140க்குக் கீழே இறங்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நம் மலேசியாவில் ஏற்பாடு இருக்கிறது. கேட்டுப் பெறத் தெரிந்திருக்க வேண்டும்.

அரசாங்கத் தாய்சேய் நல கிளினிக்கில் பதிந்தவுடன் தரப்படும், தாயின் உடல்நலப் பதிவுகள் அடங்கிய பிங்க் புத்தகத்திலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. தனியார் மருத்துவரிடம் பார்ப்பவர்களும் இதைத் திறந்துகொள்ளலாம். 12 வாரத்துக்குள் பதிவது நல்லது. முந்தைய பிரசவத்தில் இரத்த அழுத்தம் ஏறியவர்களுக்கும், நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரின் தரக்கூடும். அதை 16 வாரத்துக்கு முன்பே தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும்.

புத்தகத்தில் ஒட்டப்படும் நிறத்தைக் கவனியுங்கள். வெள்ளை என்றால் தாதியின் கவனிப்பு, பச்சை என்றால் கிளினிக் மருத்துவர், மஞ்சள் என்றால் நிபுணர். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. வீட்டுக்குப் போய்த் துணி எடுத்து வருகிறேன் என்று கிளம்ப வேண்டாம். கடும் தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவை தெரிந்தால் அடுத்த தவணைத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

இனி வேலை. 1955 வேலைச் சட்டத்தின் திருத்தங்கள் 1.1.2023 முதல் நடப்பில் உள்ளன. பேறுகால விடுப்பு 98 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு, வழக்கமான எம்.சி. (மருத்துவச் சான்றுள்ள நோய் விடுப்பு) நாள்கள் இதில் சேராது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது 41ஏ பிரிவு. கர்ப்பமாக இருப்பவரையோ, கர்ப்பத்தால் நோயுற்றிருப்பவரையோ அந்தக் காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்குவது குற்றம். நீக்கியதற்குக் காரணம் கர்ப்பம் அன்று என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான். நீங்களாகவே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பைப் பெறுவது கடினமாகிவிடும். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் தொழிலாளர் இலாகாவில் கேளுங்கள்.

நம் வீடுகளில் பிரசவத்துக்குத் தாய் வீடு போவது வழக்கம். பட்டர்வொர்த்தில் பதிந்தவர் பிள்ளை பெற்றபின் சுங்கைப் பட்டாணியில் இருப்பார். பிரசவம் முடிந்ததோடு இரத்த அழுத்தம் இறங்கிவிடும் என்று நம்பிவிட முடியாது. அடுத்த சில நாள்களில் அது ஏறவும் கூடும், அபூர்வமாக வலிப்பும் வரலாம். தாதிகள் வீடு தேடி வந்து பார்ப்பது இதற்காகவும்தான். எந்த முகவரியில் இருப்பீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரியாத வீட்டுக்கு அவர்களால் எப்படி வர முடியும்?

பிள்ளையின் மூளை வளர்ச்சி பற்றிப் பேசும்போது நிதானம் வேண்டும். 61 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கர்ப்பகாலத்தில் தாய்க்கு உயர் இரத்த அழுத்தம் இருந்த பிள்ளைகளிடம் ஆட்டிசத்துக்கான வாய்ப்பு சுமார் 35 விழுக்காடும், கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக்கான (ஏ.டி.எச்.டி.) வாய்ப்பு சுமார் 30 விழுக்காடும் கூடுதலாகத் தெரிந்தன. இதைப் படித்து யாரும் கலங்க வேண்டாம். நூறில் முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு வரும் என்று இதற்குப் பொருளில்லை. ஏற்கெனவே சிறியதாக உள்ள வாய்ப்பு சற்றே கூடுகிறது, அவ்வளவுதான். இரத்த அழுத்தமே காரணமா, குறைமாதப் பிறப்பு போன்றவை இடையில் நிற்கின்றனவா என்பதும் முடிவாகவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே வளர்கிறார்கள். பயந்துபோய் மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. லபெட்டலால், மெத்தில்டோப்பா போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகத் தரப்பட்டு வருபவை.

பிறந்த குழந்தைக்குத் தனிப் பதிவுப் புத்தகம் உண்டு. தடுப்பூசித் தேதிகளைப் பார்ப்பதற்கு மட்டும் அதைத் திறக்கிறோம் என்பது என் வருத்தம். எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற வளர்ச்சிப் படிகளும் அதில்தான் இருக்கின்றன. 18 மாதத்தில் எம்-சாட் என்னும் ஆட்டிச முன்சோதனைக் கேள்விகளும் கேட்கப்படும். கூப்பிட்டால் திரும்புகிறதா, விரல் நீட்டிக் காட்டுகிறதா என்பது போன்ற கேள்விகள். "எங்கள் வீட்டில் எல்லாரும் தாமதமாகத்தான் பேசினார்கள்" என்று பாட்டி சொல்வது அன்பால்தான்; ஆனாலும் படிவத்தில் பார்த்ததை எழுதுங்கள். ஐயம் இருந்தால் மருத்துவமனையின் குழந்தைநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். குறைபாடு உறுதியானால் மருத்துவரின் சான்றோடு சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யூ. அட்டைக்குப் பதியலாம். பதிவது கட்டாயமில்லை, ஆனால் பல உதவிகளுக்கு அந்த அட்டையைத்தான் கேட்பார்கள்.

பிள்ளையின் பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் பிங்க் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். கர்ப்பத்தில் எனக்கு இரத்த அழுத்தம் இருந்தது, எத்தனையாவது வாரத்தில் பிள்ளை பிறந்தது என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். இரண்டும் தனித்தனிப் புத்தகங்கள் என்பதால், நீங்கள் சொல்லாவிட்டால் எதிரில் இருப்பவருக்கு அது தெரியாமலே போகலாம்.