மதுரை–சென்னை அரை மணி நேரம் இல்லை, தயவுசெய்து கேளுங்கள்

போன வாரமும் ஒரு குடும்பம் சிங்கப்பூர் விமானத்தைத் தவறவிட்டது. பேரனைப் பார்க்கக் கிளம்பிய தாத்தாவும் பாட்டியும். மதுரை–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–சிங்கப்பூர் வேறு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட். நடுவில் இரண்டு மணி நேரம். முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதம், பெல்ட்டில் பெட்டி வர இன்னும் அரை மணி. கவுன்டரை மூடிவிட்டார்கள். சிங்கப்பூர் விமானம் அப்போது தரையில்தான் நின்றது.

டிக்கெட் போட்ட மகனிடம் கேட்டால், "420 கிலோமீட்டர்தானே சார், விமானம் 900 வேகத்தில் போகுமே" என்கிறார். இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். முதலில், இணையத்தில் காட்டும் அந்தத் தூரம் இரண்டு ஊருக்கும் இடையிலான மிகக் குறுகிய கோடு. விமானம் அந்தக் கோட்டில் போவதில்லை. காற்று எந்தத் திசையில் வீசுகிறதோ, எந்த ஓடுபாதை திறந்திருக்கிறதோ அதைப் பார்த்துச் சுற்றித்தான் இறங்கும். அப்புறம் அந்த 900. அது பெரிய ஜெட் உச்ச உயரத்தில் போகும் வேகம். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 460 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. குறுகிய பயணத்தில் பாதி நேரம் ஏறுவதிலும் இறங்குவதிலுமே போய்விடும். ஏடிஆர் என்ற சின்ன விசிறி விமானம் என்றால் உச்ச வேகமே 500 சொச்சம்தான். நிற்கும் இடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் சேர்த்துத்தான் அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் என்று போடுகிறார்கள். அதுவும் கதவு சாத்தியதிலிருந்து நிறுத்தும் வரைதான். உங்கள் பெட்டி அந்தக் கணக்கிலேயே இல்லை.

ஊர்களுக்கு இடையிலான தூரம் மாறாமலே பறக்கும் நேரம் மாறும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்பரப்பை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் அரபிக்கடல் வழியாகச் சுற்ற வேண்டி வந்தது.

சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு 11:30க்குக் கிளம்பி காலை 6:30க்கு இறங்கினால் பறப்பது நாலரை மணி நேரம், ஏழு இல்லை. 15ஆம் தேதி 00:20 என்று இருந்தால் 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இதைத் தவறவிட்டு மறுநாள் இரவு வந்து நிற்பவர்களும் உண்டு.

தனித்தனி டிக்கெட் போடாதீர்கள். இரண்டு பயணமும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருந்தால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு டிக்கெட் என்றால் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். பெட்டியை எடுத்து, உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்கு நடந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். கவுன்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். மிச்சப்படுத்திய இரண்டாயிரம் ரூபாய்க்கு இது தேவையா? வேறு வழியே இல்லை என்றால் நடுவில் ஐந்தாறு மணி நேரமாவது விடுங்கள்.

மதுரைக்காரர்களுக்கு ஒன்று. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. காரில் இரண்டரை மணி நேரத்தில் திருச்சி போய்விடலாம். அப்பா அம்மாவைத் தனியாக அனுப்புகிறீர்கள் என்றால் முதலில் அதைப் பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையையும் அங்கே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நீங்களே ஆன்லைனில் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள், அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.