ஸ்டியாட்டோசிஸ்: ஏற்றமா, தேக்கமா?

தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருக்கும் உறவினர் ஒருவரின் ஸ்கேன் அறிக்கையில் 'ஹெபாட்டிக் ஸ்டியாட்டோசிஸ்' என்றிருந்தது. ஈரலில் கொழுப்பு என்று நான் பொருள் சொன்னதுமே, மதுவைத் தொட்டறியாத அந்த மனிதரிடம் அவருடைய தாயார் கேட்டது: "எப்ப இருந்துல குடிக்க?"

இந்த 'ஸ்டியாட்டோசிஸ்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? கிரேக்க மொழியில் 'ஸ்டியார்' என்பது விலங்கின் கெட்டிக் கொழுப்பைக் குறிக்கும். சோப்பிலும் மெழுகுவத்தியிலும் சேரும் ஸ்டியரிக் அமிலத்தின் பெயரும் இவ்வேரில் பிறந்ததே. 'ஹெப்பார்' என்றால் கல்லீரல். 'ஓசிஸ்' ஒரு நிலையைச் சுட்டும் ஈறு.

தமிழில் வழங்கும் 'கொழுப்புக் கல்லீரல்', ஃபேட்டி லிவர் என்பதன் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. கொழுப்பாலேயே ஆன ஈரல் என்று ஒலிக்கிறது. கொழுப்பைக் குறிக்கும் 'நிணம்' என்ற பழஞ்சொல்லை மீட்கலாமென்றால், நிணநீர் என்பது வேறொன்றுக்குப் பெயராகிவிட்டது. எஞ்சுவது 'கொழுப்பேற்றம்'. உடற்பருமனும் நீரிழிவும் உள்ளவர்களின் கல்லீரலுக்கு வரத்தே மிகுதியாதலால் அவர்களுக்கு அது பொருந்தும். இரசாயன நச்சால் வருவதற்கு முழுதும் பொருந்தாது என்பது என் கருத்து.

கல்லீரல் தன்னிடம் சேரும் கொழுப்பில் ஒரு பகுதியை மைட்டோகாண்ட்ரியாவில் எரிக்கிறது. மற்றொரு பகுதியைப் புரதத்தோடு பொதிந்து இரத்தத்தில் அனுப்புகிறது. முன்பு உலர்சலவைக்கும் தீயணைப்பான்களுக்கும் பயன்பட்ட கார்பன் டெட்ராகுளோரைடு உடலுக்குள் போனால், கல்லீரலின் நொதியே அதைப் பிளந்து, கைபட்டதையெல்லாம் சிதைக்கும் ஒரு துணுக்காக்கிவிடுகிறது. அத்துணுக்கு பொதிக்கான புரதம் உருவாகும் சவ்வுகளைக் கெடுப்பதால், பார்சல் கட்ட ஆளில்லாத கிடங்கில் சரக்கு குவிவதுபோலக் கொழுப்புத் துளிகள் செல்லுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. இங்கே பழுது வரத்தில் இல்லை, போக்கில் இருக்கிறது. ஆகவே 'தேக்கம்' என்பதே சரி. செயற்கைத் தோல் ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் டைமெத்தில்பார்மமைடும் கல்லீரலைத் தாக்குவதாக அறியப்பட்டதே.

அமெரிக்காவின் கென்டக்கியில், பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான வினைல் குளோரைடு ஆலைத் தொழிலாளர்களின் கல்லீரலை ஆராய்ந்தவர்கள், பருமனோ மதுவோ காரணமாகாத கொழுப்பையும் அழற்சியையும் கண்டு, 2010இல் அதற்கென்றே தனிப்பெயர் சூட்டினார்கள். அதை 'நச்சுவழிக் கொழுப்பழற்சி' எனலாம். அழற்சிக்கு முந்தைய நிலை 'நச்சுவழிக் கொழுப்புத் தேக்கம்'. சொல் நீள்கிறதே என்று 'வழி'யை வெட்டினால், கொழுப்பே நச்சு என்று பொருள் புரண்டுவிடும்.