எஞ்சின் ஆஃப் ஆனப்புறம் வேலை பாக்குற கரி

சிங்கப்பூர் துவாஸ் பக்கம் லாரி ஓட்டுற அண்ணன் ஒருத்தர் கேட்டிருந்தார், அமெரிக்காவுல பிக்கப் வச்சிருக்கவங்க எஞ்சினுக்குக் காத்து போற ஏர் பாக்ஸைத் திறந்து ரெண்டாவது ஃபில்டரைக் கழட்டுறாங்களே, அதுல நிஜமாவே பவர் ஏறுமான்னு.

அண்ணே, உங்க லாரி டீசல்னா தேடவே வேணாம், இது பெட்ரோல் வண்டி சமாச்சாரம். தூசி பிடிக்கிறது முன்னாடி இருக்கிற பேப்பர் ஃபில்டர், இது அதுக்குப் பின்னால எஞ்சின் பக்கமா இருக்கிற கார்பன் ஃபில்டர், இதோட முக்கியமான வேலையே வண்டியை நிறுத்தினப்புறம்தான்.

மத்தியான வெயில்ல எஞ்சினை ஆஃப் பண்றீங்க, உள்ள சூடு அப்படியே இருக்கும், இன்ஜெக்டர் முனையிலயும் இன்டேக் சுவர்லயும் மிஞ்சின பெட்ரோல் ஆவியாகி, இழுக்க ஆள் இல்லாததால காத்து வந்த வழியாவே வெளிய கிளம்பும். அந்த ஆவி வெயில்ல நைட்ரஜன் ஆக்சைடோட சேர்ந்தா ஓசோன். நம்ம ஊர் காத்து மாசுக் குறியீடான பிஎஸ்ஐ கணக்குல வர்ற 6 மாசுல அதுவும் ஒண்ணு.

அதை வாசல்லயே மறிக்கிறது வெறும் கரி! 1 கிராம் ஆக்டிவேட்டட் கார்பன்ல இருக்கிற நுண்துளைகளோட சுவரையெல்லாம் விரிச்சுப் போட்டா 1000 சதுர மீட்டரைத் தாண்டும். 4 அறை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு சுமார் 90 சதுர மீட்டர், அப்போ பதினோரு வீட்டுத் தரை ஒரு சிட்டிகைத் தூளுக்குள்ள மடிஞ்சு கிடக்கு. பெட்ரோல் மூலக்கூறு அந்தச் சுவர்ல வாண்டர்வால்ஸ் விசைங்கிற மெல்லிய ஈர்ப்பால லேசா ஒட்டிக்கும், ஸ்கூல்ல பரப்பு கவர்தல்னு படிச்சோமே, அதேதான்.

ஆனா பிடிச்சா மட்டும் பத்தாது, விடவும் தெரியணும். துளை ரொம்பக் குறுகலா இருந்தா நாலு பக்கச் சுவரும் மூலக்கூறை அமுக்கிப் பிடிச்சுக்கும், விடவே விடாது. கொட்டாங்குச்சிக் கரி அப்படித்தான், அதனால தண்ணி ஃபில்டருக்கு அருமையா இருக்கும், பெட்ரோல் ஆவிக்கு கொஞ்சம் அகலமான துளை உள்ள மரக்கரிதான் தோது. காலையில ஸ்டார்ட் பண்ணதும் புதுக் காத்து பாயும், ஒட்டினது கழண்டு எஞ்சினுக்குள்ள போய் எரிஞ்சிடும், ராத்திரிக்குள்ள கரி மறுபடியும் ரெடி. எனக்கு இது எத்தனை தடவை யோசிச்சாலும் அலுக்காத விஷயம்.

பவர் கதைக்கு வர்றேன். சாதாரணமா ஓட்டும்போது பாதி மூடியிருக்கிற த்ராட்டில் தட்டுதான் காத்தை அடைக்குது, அதோட ஒப்பிட்டா ஃபில்டரோட தடை ஒண்ணுமே இல்ல. ஆக்சிலரேட்டரை முழுசா அமுக்கினா வேணா துளி வித்தியாசம் வரலாம், அதையும் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கழட்டினப்புறம் ஒரு தடவை டைனோவுல (பவரை அளக்கிற மெஷின்) அளந்து காட்டினாத்தான் நான் நம்புவேன், "வண்டி பறக்குது"ன்னு வாய்ல சொல்றது அளவு கிடையாது. அமெரிக்காவுல மாசுக் கட்டுப்பாட்டு பாகத்தைக் கழட்டுறது சட்டப்படி தப்பும்கூட. பேப்பர் ஃபில்டரை நேரத்துக்கு மாத்துங்க, கரியை அது இருக்கிற இடத்துலயே விட்டுடுங்க.