கேஜ் முள்ளு ஆடலன்னா பைப் சுவத்துல ஒன்னும் நடக்கலன்னு அர்த்தம் இல்ல

பைப் அதிருது, ஆனா பிரஷர் கேஜ் அசையவே இல்ல, அப்போ தப்பு பம்ப்லதான்னு முடிவு பண்ணிட்டுதான் நெறைய பேர் என்னைக் கூப்பிடுவாங்க. பம்ப்பா கூட இருக்கலாம், ஆனா கேஜ வெச்சு அத சொல்ல முடியாதுங்க, அது காட்டுறது சராசரி மட்டும்தான்.

சுவர் ஓரமா தண்ணி தாறுமாறா ஓடுதுன்னு நினைப்போம், ஆனா அதுக்குள்ளயும் ஒரு ஒழுங்கு இருக்கு. 1967ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல க்ளைன்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு தண்ணில ஹைட்ரஜன் குமிழி விட்டுப் பாத்தாங்க, மெதுவா போற தண்ணி நீள நீளமா கோடு போட்ட மாதிரி தெரிஞ்சுது, அந்தக் கோடு மெல்ல மேல எழும்பி, ஆடி, சட்டுனு சிதறுது, அப்புறம் மேல இருந்து வேகமான தண்ணி சுவத்தப் பாத்து பாயுது, இதேதான் திரும்பத் திரும்ப. இந்த ஓட்டத்துல உருவாகுற சுழல்லாம் கடந்து போறப்போதான் சுவத்துல அழுத்தம் ஏறி இறங்குது.

தண்ணி செகண்டுக்கு 2 மீட்டர் போனா சுவர் உராய்வு சுமார் 6 பாஸ்கல், அழுத்த ஏற்ற இறக்கத்தோட ஆர்எம்எஸ், அதாவது ஏற்ற இறக்கம் சராசரியா எவ்ளோன்னு சொல்ற அளவு, அதுல 2, 3 மடங்கு, சரி 15 பாஸ்கல்னு வெச்சுக்கோங்க. லைன் பிரஷர் 2 பார்னா 2,00,000 பாஸ்கல், அதுல இது எங்க தெரியப்போகுது? நேர் பைப்ல இந்த 15 ஒன்னும் பண்ணாதுங்கறதும் உண்மைதான், ஆனா பாதி மூடின வால்வுக்குப் பின்னாடி ஓட்டம் சுவத்த விட்டுப் பிரிஞ்சா பல மடங்கு ஏறிடும்.

சென்சார் மாட்டுறதுலதான் பெரிய தப்பு நடக்குது. மேல சொன்ன கணக்குல கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி 1.25 மில்லிமீட்டர்தான், அங்க போய் 5 மில்லிமீட்டர் முகம் உள்ள சென்சார வெச்சா நாலு கோடு அதுக்கு அடியிலயே போயிடும், ஏத்தமும் இறக்கமும் கழிஞ்சு ரீடிங் கம்மியா வரும், பாக்குறவங்க நிம்மதியாயிடுவாங்க. சென்சார் முகம் எவ்ளோ சின்னதா இருக்கணும்னு 1983ல ஷேவேங்கற ஆராய்ச்சியாளர் சென்சார் அளவ மாத்தி மாத்தி அளந்து காட்டினாரு, அது நம்ம கணக்குக்கு கால் மில்லிமீட்டர் வருது. சென்சார பின்னாடி வெச்சு சுவத்துல ஒரு சின்ன ஓட்டை வழியாவும் அளக்கலாம், ஆனா உள்ள காத்துக் குமிழி மாட்டுச்சுன்னா அந்த டேட்டாவ தூக்கிப் போட்டுடுங்க.

ஆர்எம்எஸ் மட்டும் ரிப்போர்ட்ல போடாதீங்க, எப்பவாவது வர்ற பெரிய உச்சம் அதுல தெரியாது.

பம்ப்பா சுழலான்னு பிரிக்கணும்னா ஓட்டத்தோட திசையில 20 மில்லிமீட்டர் தள்ளி ரெண்டு சென்சார் வைங்க. பம்ப் சத்தம் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல வரும், சுழல் ஓட்டத்தோட வேகத்துல 0.6லருந்து 0.8 மடங்குலதான் நகரும், அதனால ரெண்டாவது சென்சாருக்கு 12லருந்து 17 மில்லிசெகண்ட் லேட்டா வரும்.