ஸ்பின்னை மின்னழுத்தமாகப் படிப்பது எப்படி?

எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளப்பது எளிது; அதன் ஸ்பின்னை அளப்பதுதான் பெரும்பாடு. ஸ்பின் என்பது எலக்ட்ரானுக்கு இயல்பாகவே அமைந்த கோண உந்தம். எந்த அச்சில் அளந்தாலும் மேல், கீழ் என இரண்டே விடைகள். ஒளியைப் பாய்ச்சி அதை அறியும் வழி முன்பே உண்டு. ஆனால் கணினிச் சில்லுக்குள் பயன்பட வேண்டுமானால், ஸ்பின் மின்னழுத்தமாக வெளிப்பட்டாக வேண்டும்.

அதற்குக் கைகொடுப்பது இரும்பு போன்ற காந்த உலோகம். அதன் வழியே குறைகடத்திக்குள் மின்னோட்டம் செலுத்தினால், ஒருவகை ஸ்பின் மிகுதியாக இறங்கும். அந்த ஸ்பின் நிரம்பி நிற்கும் ஆற்றல் மட்டமும் சற்று உயரும். பக்கத்தில் இன்னொரு காந்த மின்முனை வைத்தால், அது தன் காந்தத் திசைக்கு ஏற்ற ஸ்பின்னின் மட்டத்தையே அதிகம் உணரும். அதன் திசையைப் புரட்டினால் மின்னழுத்தம் தாவும்.

நெடுங்காலம் இது பலிக்கவில்லை. உலோகத்தை விடக் குறைகடத்தியின் மின்தடை பல மடங்கு அதிகம் என்பதால், நேரடியாகத் தொட்டால் ஸ்பின் வேறுபாடு உலோகத்துக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. எலக்ட்ரான்கள் குவாண்டம் முறையில் ஊடுருவும் மெல்லிய தடுப்பை இடையில் வைத்தால் தப்பலாம் என்பது 2000இல் தெளிவானது.

இன்னொரு சிக்கல்: மின்னோட்டப் பாதையிலேயே அளந்தால் சாதாரண மின்தடையும், காந்தப்புலத்தால் பக்கவாட்டில் எழும் ஹால் மின்னழுத்தமும் கலந்து ஏமாற்றும். ஆகவே மின்னோட்டத்தை ஒரு பக்கம் ஓடவிட்டு, மறுபக்கம் அளப்பார்கள். அங்கே நிகர மின்னோட்டம் கிடையாது. ஸ்பின் மட்டும் பரவி வரும். இயற்பியலாளர்கள் ஜான்சனும் சில்ஸ்பியும் 1985இல் அலுமினியத்தில் கையாண்ட இந்த உத்தியை, 2007இல் மினசோட்டா பல்கலைக்கழகக் குழு காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியில் செய்துகாட்டியது. கிடைத்தது மைக்ரோவோல்ட் அளவுதான்.

அவ்வளவு சிறிய தாவல் ஸ்பின்னால்தான் வந்தது என்று எப்படி நம்புவது? இதற்கான சோதனைதான் இத்துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது: ஹான்லே விளைவு. ஸ்பின்னுக்குச் செங்குத்தாகச் சிறு காந்தப்புலம் கொடுத்தால், சாய்ந்த பம்பரத்தின் தலையைப் போல ஸ்பின்னின் திசை சுற்றிவரும். காலியம் ஆர்சனைடில் 10 மில்லிடெஸ்லா புலத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 16 நானோநொடி. பரவிவரும் எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. ஒன்று கால் சுற்று முடித்திருக்கும், மற்றொன்று ஒன்றரைச் சுற்று. புலம் கூடக்கூடத் திசைகள் சிதறி, ஒன்றையொன்று ஈடுகட்டி, மின்னழுத்தம் மங்கும். புலம் மாற மாற மின்னழுத்தம் மாறுவதை வரைந்தால் ஒரு வளைவு கிடைக்கும். அந்த வளைவு எவ்வளவு குறுகலோ, ஸ்பின்னின் ஆயுள் அவ்வளவு நீளம்.

இந்த வளைவைக் காட்டாத முடிவை நான் ஐயத்தோடுதான் படிப்பேன். வளைவு இருந்தாலும் அளந்த முறையைப் பார்க்க வேண்டும். ஒரே மின்முனையால் செலுத்தி, அதனாலேயே அளந்த பல சோதனைகளில் கோட்பாடு சொன்னதைவிடப் பல மடங்கு பெரிய சைகை வந்தது. தடுப்புப் படலத்தின் குறைகளில் சிக்கிய எலக்ட்ரான்களும் அதே போன்ற வளைவைத் தரும் என்பது பின்னர்தான் தெரிந்தது.