பனியில் மரத்த கையா, பக்கவாதத்தின் முன்னறிவிப்பா?

ஊட்டிக் குளிரில் கை மரத்துப்போவது புதிதல்ல. ஆனால் ஒரு பக்கக் கை மட்டும் துவண்டு, வாய் குழறி, பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டால் பழியைப் பனிமேல் போடாதீர்கள். ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்ததுபோல் இருண்டு தெளிவதும் இந்த வகைதான். கழுத்தின் வழியே மூளைக்குப் போகும் தமனியில் கொழுப்புப் படிந்து, அதிலிருந்து துணுக்குகள் உடைந்து மேலே போவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். சரியாகிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறிகுறி இன்னும் இருந்தால், சரியாகுமா என்று காத்திருக்காமல் உடனே 108.

கழுத்தில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் அடைப்பின் அளவு தெரியும். 70 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் தமனியைத் திறந்து படிவை நீக்கும் அறுவை சிகிச்சையால் பலன் அதிகம். 50 முதல் 69 வரை என்றால் வயதையும் உடல்நிலையையும் பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார். அதற்குக் கீழே மாத்திரை போதும். முழுவதும் அடைத்துவிட்ட தமனியைப் பொதுவாகத் திறப்பதில்லை. அடைப்பு கடுமையாக இருந்தவர்களிடம் வட அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1991இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு அடைப்புள்ள தமனியின் பக்கத்து மூளையில் பக்கவாதம் வந்தது. அறுவை சிகிச்சை செய்தவர்களில் 9 பேருக்கு. அந்த 9இல் அறுவையால் வந்ததும் அடக்கம்.

முதல் அறிகுறியிலிருந்து இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் முழுப் பலன். அந்த இரண்டு வாரத்தைச் சான்றிதழுக்கு அலைந்தே தொலைத்துவிடக் கூடாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதக் கணக்கில் இது பத்தாயிரம்தான். கணவனும் மனைவியும் கொழுந்து பறிக்கும் வீட்டுக்கு இது இறுக்கமான வரம்பு என்பது என் எண்ணம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே போங்கள்.

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் எல்லாச் சிகிச்சையும் இல்லை. மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போவதற்கு முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். ‘கழுத்துத் தமனி அடைப்பு நீக்கம்’ என்று பெயர் சொல்லி, அது எந்த மருத்துவமனையில் திட்டத்தின் கீழ் கிடைக்கும் என்று கேளுங்கள். முன் அனுமதி வாங்குவது மருத்துவமனையின் வேலை. அட்டையையும் ஸ்கேன் அறிக்கைகளையும் கொடுப்பது மட்டுமே உங்கள் வேலை.