படிவத்தில் பாலினம் எதற்கு?

மென்பொருள்களைத் தனியுரிமைக் கோணத்தில் தணிக்கை செய்வது என் வேலை. பதிவுப் படிவத்தில் பாலினம் கட்டாயம் என்று இருந்தால், "இதை வைத்து என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. எல்லாரும் கேட்கிறார்கள், இவர்களும் கேட்கிறார்கள். பாலின அடையாளம், பாலீர்ப்பு சார்ந்த மனித உரிமைகளைப் பற்றி வல்லுநர்கள் வகுத்த யோக்யகர்த்தா கொள்கைகளின் 2017 விரிவாக்கமோ, அரசு அடையாள ஆவணங்களில்கூடத் தேவையான தகவல் மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது.

பாலினத்தை எண்ணாகக் குறிக்கும் பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 5218-இல் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2, தெரியாவிட்டால் 0, பொருந்தாவிட்டால் 9. அவ்வளவுதான். பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் கடவுச்சீட்டு விதிகள், ஆண் என்றோ பெண் என்றோ குறிப்பிடாத எக்ஸ் குறியை ஏற்கின்றன. சரி, எக்ஸ் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இரண்டே தெரிவுகள் உள்ள தளத்தில் பயணச்சீட்டு எடுத்தால்? பொய் சொன்னால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அப்புறம் ஆவணங்கள் ஒத்துப்போகவில்லை என்று அவரையே நிறுத்தி விசாரிப்பார்கள்.

பெயர் மாற்றம் இதைவிடச் சிக்கல். திருநர் ஒருவர் பெயரை மாற்றினால் சுயவிவரப் பக்கம் உடனே மாறிவிடும். பயனர் பெயர், மின்னஞ்சல் முகவரி, பழைய ரசீது, கோப்பின் திருத்த வரலாறு, உதவி மைய ஊழியரின் திரை என்று மற்ற இடங்களில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் யாரிடமும் சொல்லாததை மென்பொருள் போட்டுக்கொடுத்துவிடுகிறது. வேலை போகலாம், வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம், அடியும் விழலாம். பயனரை அடையாளம் காணப் பெயருக்குப் பதில் மாறாத ஓர் எண்ணை வையுங்கள். சட்டத்துக்காகப் பழைய பெயர் தேவைப்பட்டால் பூட்டி வையுங்கள். அதை யார் திறந்து பார்த்தார்கள் என்பதும் பதிவாகட்டும்.

முகத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லும் மூன்று வணிகச் சேவைகளை 2018-இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். கருநிறப் பெண்களிடம் தவறு 34.7% வரை போனது; வெளிர்நிற ஆண்களிடம் 0.8%-ஐத் தாண்டவில்லை. துல்லியத்தைக் கூட்டலாம் என்கிறார்கள் சிலர். பாலின அடையாளம் முகத்தில் எழுதியிருப்பதில்லை. இந்த வசதியே வேண்டாம் என்பது என் கருத்து. மைக்ரோசாஃப்ட் 2022-இல் இதைத் தன் சேவையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது.

எங்கேயுமே கேட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஊதியப் பாகுபாட்டை அளக்க இந்தத் தரவு வேண்டும். பெயரில்லாமல், விருப்பப்பட்டவர்களிடம் வாங்கலாம். மருத்துவமனை, கருப்பை இருக்கிறதா, ஹார்மோன் எடுக்கிறீர்களா என்று நேராகவே கேட்கலாம். ஆண் என்று பதிந்த திருநம்பிக்கு (பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்ட ஆணுக்கு) கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை நினைவூட்டல் போகாமல் இருப்பதற்கு அந்த ஒரு கட்டமே காரணமாகிவிடுகிறது.

இதையெல்லாம் முடிவு செய்யும் கூட்டத்துக்குத் திருநரையும் ஊடுபாலினரையும் (ஆண், பெண் என்ற வழக்கமான உடற்கூறு வகைகளில் அடங்காமல் பிறந்தவர்களையும்) கூப்பிடுங்கள்: வடிவமைப்பு முடிவதற்கு முன்பே, உரிய ஊதியத்தோடு, வேண்டாம் என்று தடுக்கும் அதிகாரத்தோடு.